பறக்கும் தட்டு பார்த்தவர் கவனத்துக்கு

இந்த யோசனைகள் 1952 முதல் 1969 வரை அமெரிக்காவில் குடியிருந்து, வானத்தில் எதையோ பார்த்துத் தொலைத்தவர்களுக்கு. அந்தக் காலத்தில் அங்கே விமானப்படை இதற்கென்றே ‘புளூ புக்’ என்று ஒரு திட்டம் நடத்தியது. அலுவலகம் ஒஹாயோவில், ரைட்-பேட்டர்சன் தளத்தில்.

பார்த்ததை யாரிடமும் சொல்லாதிருப்பது உத்தமம். சொல்லிவிட்டீர்களா? சரி, படிவம் வரும். அதில் ஒரு கேள்வி: கையை நீட்டி எந்தப் பொருளைப் பிடித்தால் நீங்கள் பார்த்தது மறையும்? குண்டூசித் தலையா, பட்டாணியா, பேஸ்பாலா, கூடைப்பந்தா? நடுவில் சில்லறைக் காசுகள் வேறு, சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக. அரண்டுபோய்ச் செருப்பை வயலிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தவர் எந்தக் காசை நீட்டிப் பார்த்திருப்பார்? பேசாமல் பட்டாணிக்கு டிக் போடுங்கள். கூடைப்பந்து என்று போட்டால் விசாரணை உங்களைப் பற்றியதாகிவிடும். மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்தீர்களா, கார் கண்ணாடி வழியாகவா என்றும் கேட்பார்கள். நில அளவைக் கருவியான தியோடலைட் வழியாகவா என்றுகூட உண்டு. ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீட்டில் அது எதற்கு இருக்கப்போகிறது!

விடையை முன்கூட்டியே தயார் செய்துகொள்வது நல்லது. வெள்ளிக் கிரகம் எப்போதும் கைகொடுக்கும். 1966 ஏப்ரலில் ஒஹாயோ போலீஸார் ஒரு வெளிச்சத்தை 85 மைல் துரத்திப் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவரை போனார்கள். முதலில் பார்த்தது செயற்கைக்கோள், பிறகு துரத்தியது விடிவெள்ளி என்று புளூ புக்காரர்கள் கோப்பை மூடினார்கள். அதற்கு முந்தைய மாதம் மிச்சிகன் சதுப்பில் தெரிந்த வெளிச்சத்துக்கு, திட்டத்தின் ஆலோசகரான வானியலாளர் ஹைனெக் சொன்ன காரணம் சதுப்பு வாயு. நம் ஊரில் இதற்குக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர். அதையே சொல்லியிருந்தால் மிச்சிகன்காரர்களுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. இப்படிக் கோபம் வந்தால் முறையிட, உங்கள் மாநிலத்துப் பிரதிநிதிகள் யார் என்று தெரிந்துவைத்திருங்கள். மிச்சிகன்காரர்களுக்காக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் விசாரணை கேட்டவர் பிற்பாடு அதிபரான ஜெரால்ட் ஃபோர்டு.

தடயம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1961 ஏப்ரலில் விஸ்கான்சினின் ஈகிள் ரிவரில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீட்டு முற்றத்தில் தட்டு இறங்கியதாம். உள்ளிருந்தவர்களில் ஒருவர் ஜாடியை நீட்டித் தண்ணீர் கேட்க, இவர் நிரப்பிக் கொடுத்தார். கைம்மாறாகச் சுடச்சுட பான்கேக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவர் ஒன்றைத் தின்று பார்த்தார். அட்டையைத் தின்றது போல இருந்ததாம். இன்னொன்று அரசு ஆய்வுக்கூடத்துக்குப் போனது. கொழுப்பு, மாவுச்சத்து, கோதுமைத் தவிடு, சோயா உமி: சாதாரண பான்கேக்தான் என்று அறிக்கை வந்தது. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. அத்தனை தொலைவிலிருந்து வந்தவர்கள் மாவை மட்டும் வழியில் வாங்கியிருக்கக் கூடாதா? எதற்கும், வானத்திலிருந்து யாராவது பலகாரம் கொடுத்தால் மறுத்துவிடுங்கள், அல்லது மொத்தத்தையும் தின்றுவிடுங்கள். மிச்சம் வைக்காதீர்கள்.

வந்த புகார்கள் 12,618. விளக்கம் சொல்ல முடியாமல் நின்றவை 701. உங்களுடையது அந்த 701-ல் சேர்ந்தால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். வேறு பலன் கிடையாது.

1969 டிசம்பரில் கடையைக் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு பார்த்தவர்களுக்கு இந்தப் படிவம் இல்லை. அவசரம் என்றால் உள்ளூர் போலீஸைக் கூப்பிடுங்கள் என்றது விமானப்படை. அந்த 85 மைல் துரத்தினார்களே, அவர்களைத்தான்.