176-இல் நான் இல்லை

தருமபுரியில் வேட்பாளரை எடைபோட மூன்று கேள்விகள் போதும். ஆள் உள்ளூரா? கூப்பிட்டால் போனை எடுப்பாரா? போன தேர்தலில் எந்தக் கட்சியில் இருந்தார்? நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதை அச்சில் போட முடியாது, கவரில்தான் போட முடியும்.

2022-இல் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தபோதும் இதே கேள்விகளோடுதான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு ஓட்டில்லை என்பது தெரியும். ஆனால் ஓட்டில்லாதவனைப் போல வேட்பாளரை நிதானமாகப் பார்க்க வேறு யாரால் முடியும்?

முதலில் எதிர்க்கட்சிகளுக்கு ஆளே கிடைக்கவில்லை. சரத் பவார் வேண்டாம் என்றார். பரூக் அப்துல்லா வேண்டாம் என்றார். கோபாலகிருஷ்ண காந்தியும் வேண்டாம் என்றார். இங்கே கவுன்சிலர் சீட்டுக்கே அண்ணன் தம்பி முகம் பார்த்துப் பேசுவதில்லை. அங்கே 340 அறைகள் உள்ள மாளிகையை வரிசையாக மூன்று பேர் மறுக்கிறார்கள். கோபாலகிருஷ்ண காந்தி மறுத்ததில் எனக்குத் தனி வருத்தம். அவர் மகாத்மாவின் மகன் வழிப் பேரன், ராஜாஜியின் மகள் வழிப் பேரன். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இன்று கிருஷ்ணகிரி மாவட்டம் என்றாலும் 2004 வரை தருமபுரி மாவட்டம்தான். அந்த மாவட்டம் உருவானதோ 1965 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று. இரண்டு தாத்தா வழியிலும் நம்ம ஊர்க்காரர் என்று, இல்லாத ஓட்டை அவருக்கு மனதுக்குள் குத்தியும் வைத்திருந்தேன்.

கடைசியில் வந்தவர் யஷ்வந்த் சின்ஹா.

"யாருங்ணா அவரு?" என்றார் டீ மாஸ்டர்.

ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர், நிதியமைச்சராக இருந்தவர், மாலை 5 மணிக்கு வாசித்துவந்த மத்திய பட்ஜெட்டை 1999-இல் காலை 11 மணிக்கு மாற்றியவர் என்று விளக்கினேன்.

"பதினோரு மணிக்குக் கடைல கூட்டம்ணா. எங்க கேக்கறது? அஞ்சு மணியே தேவலாம்."

சின்ஹா முதல் ஓட்டை அங்கேயே இழந்தார். அவர் மகன் ஜெயந்த் அப்போது பா.ஜ.க. எம்.பி. என்பது தெரிந்ததும் பெஞ்சே கலகலத்தது. வீட்டு ஓட்டே சந்தேகம் என்றால் எங்கள் ஊரில் ஆளை வேனில்கூட ஏற்ற மாட்டார்கள்.

பா.ஜ.க. பக்கத்து வேட்பாளர் திரௌபதி முர்மு எங்களுக்கு அறிமுகமானது ஒரு வீடியோ வழியாக. பெயரை அறிவித்த மறுநாள் காலை, ஒடிசாவின் ராய்ரங்பூரில் சிவன் கோயிலைத் துடைப்பத்தால் பெருக்கினார். வேட்பாளர் துடைப்பம் எடுப்பது எங்களுக்குப் புதிதில்லை. பிரச்சாரத்தில் பரோட்டா போடுவார்கள், இஸ்திரி போடுவார்கள். எங்கள் கண் கேமராவைத் தேடும். என் மனைவி மட்டும் வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இது பழகின கை. ஓட்டுக்காகப் பெருக்கறவங்க மூலைய விட்டுடுவாங்க" என்று தீர்ப்புச் சொன்னாள். பாசனத் துறையில் எழுத்தர், பிறகு பள்ளி ஆசிரியை, 1997-இல் கவுன்சிலர் என்று அவர் ஏறிவந்த படிகளை நான் சொல்ல வாயெடுத்தேன். மனைவி கேட்கவில்லை, அவளுக்கு மூலை போதும். சித்தேரி மலையிலிருந்து கடைக்கு வருகிற பெரியவர் ஒருவர் செய்தித்தாளில் இருந்த படத்தைப் பார்த்து, "மலசாதிப் பொண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பேப்பர் கடைக்காரருடையது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

இருவரும் ஓட்டுக் கேட்டுச் சென்னைவரை வந்தார்கள். சின்ஹா ஜூன் 30, முர்மு ஜூலை 2. முர்மு வந்த மேடையில்தான் எடப்பாடி பழனிசாமி முதலில் ஆதரவு சொல்லிவிட்டு இறங்க, பிறகு ஓ.பன்னீர்செல்வம் ஏறினார். ஒரே கட்சியின் ஆதரவை இரண்டு தவணையில் வாங்கிய வேட்பாளர் அவராகத்தான் இருப்பார். தருமபுரிப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஜூலையில் எங்கள் ஊருக்கு வந்த ஒரே வெளிமாநிலப் பிரமுகர் காவிரிதான். ஒகேனக்கல்லில் லட்சம் கன அடிக்கு மேல் வந்து பரிசலை நிறுத்திவைத்தது.

வராதது நியாயம்தான். எங்கள் மாவட்டத்தில் ஐந்து எம்.எல்.ஏ.க்கள், தலைக்கு ஓட்டு மதிப்பு 176, மொத்தம் 880. எம்.பி.க்கு 700. ஐந்து எம்.எல்.ஏ.க்களும் அப்போது அ.தி.மு.க., பா.ம.க.; எம்.பி. தி.மு.க. கட்சிகள் சொன்ன சொல்படி பார்த்தால் தருமபுரியில் முர்மு 880, சின்ஹா 700. கவுரவமான போட்டி. நாட்டில்தான் 6,76,803-க்கு 3,80,177 என்று ஆகிவிட்டது.

உள்ளூர் வேட்பாளர் வேண்டும் என்ற குறை தீர ஒருவர் இருக்கிறார். எங்கள் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வரும் மேட்டூரில் டயர் கடை வைத்திருக்கும் 'தேர்தல் மன்னன்' பத்மராஜன். 1988 முதல் இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் தோற்றவர்; 2024-இல் தருமபுரிக்கும் மனுத் தாக்கல் செய்தார். குடியரசுத் தலைவர் பதவியையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் அதற்கு வைப்புத்தொகை 15,000 ரூபாயோடு, முன்மொழிய 50 பேர், வழிமொழிய 50 பேர் கையெழுத்து வேண்டும். நூறு பேரும் எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.வாகவோ இருக்க வேண்டும். இந்தத் தேர்தலில் தோற்பதற்கே அவ்வளவு செல்வாக்கு தேவைப்படுகிறது.

அந்த 176 எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போய்த்தான் வம்பு. தமிழ்நாட்டின் மக்கள்தொகையை 234-ஆல் வகுத்து, வந்ததை ஆயிரத்தால் வகுக்கிறார்கள். மக்கள்தொகை எந்த ஆண்டுடையது? 1971. 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரை அதுதான் என்று அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நான் பிறந்தது 1974. காலமாகிவிட்ட என் அப்பா இண்டூரில் எண்ணப்பட்டு அந்தக் கணக்கில் இருக்கிறார். நான் இல்லை.

இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் 1970-இல் பிறந்தவர். அன்றிலிருந்து நான் அரசியல் பேச வாயைத் திறந்தால், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்கிறார்:

"பொறந்தவங்க பேசிக்கிட்டு இருக்கோம், நீ சும்மா இருடா."