வின்ச்: பூட்டியே வைப்பதா, கழற்றி வைப்பதா?

இந்த வாரக் கேள்விகள் முழுக்க, சேற்றில் சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச் பற்றியவை. மழைக்காலம் நெருங்கும்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு வரவேண்டிய கேள்விதான்.

கேள்வி: தார் ஜீப் வாங்கியிருக்கிறேன். வயல் ஆவுடையார்கோவில் பக்கம். மழை பெய்தால் வண்டிப்பாதை முழுக்கச் சேறு. வின்ச்சை முன் பம்பரில் நிரந்தரமாகப் பூட்டலாமா, மாட்டிக் கழற்றும் வகை வாங்கலாமா?
(அறந்தாங்கி வாசகர்)

பதில்: மாட்டிக் கழற்றும் வகை வாங்குங்கள்.

கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் நிற்கும் விசைப்படகுகளைப் பாருங்கள். வலை இழுக்கும் வின்ச்சைத் தளத்தோடு சேர்த்துப் பூட்டியிருப்பார்கள். கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வலையை இழுத்தாக வேண்டும். அதனால் அங்கே அது சரி. உங்கள் வண்டி வருடத்தில் பெரும்பாலான நாள் தார்ச்சாலையில் ஓடும். சேற்றில் மாட்டுவது ஐப்பசி, கார்த்திகையில் சில தடவைதான். அந்தச் சில தடவைக்காக வருடம் முழுக்க மூக்கில் பாரம் சுமக்க வேண்டியதில்லை.

பாரம் என்று சும்மா சொல்லவில்லை. தார் போன்ற வண்டிக்குப் பொதுவாகப் போடுவது 9,500 பவுண்டு வின்ச், அதாவது சுமார் 4,300 கிலோ இழுப்பது. இரும்புக் கயிற்றோடு அதன் எடை 35 முதல் 40 கிலோ வரை வரும். அதைத் தாங்கும் இரும்பு பம்பரின் எடை தனி. இவ்வளவும் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறது. முன் ஸ்பிரிங் தாழும், பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைக் குத்தும். ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் கொஞ்சம் மறைக்கும். சித்திரை வெயிலில் புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும்போது அது உதவாது.

கேள்வி: கழற்றும் வகை எப்படிப் பொருந்துகிறது? கழன்று பறந்துவிடாதா?
(கந்தர்வகோட்டை வாசகர்)

பதில்: சரியாகச் செய்தால் பறக்காது. வின்ச்சை ஓர் இரும்புத் தொட்டிலில் பொருத்தியிருப்பார்கள். தொட்டிலின் அடியில் சதுரத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். வண்டியின் சேஸில் போல்ட் போட்ட இரண்டு அங்குலச் சதுரக் குழாய்க்குள் அதை நுழைத்து, குறுக்கே ஒரு பின்னைச் செருகி, பின்னுக்கு கிளிப் மாட்ட வேண்டும். மின்சாரத்துக்குத் தடித்த பிளக் ஒன்று. பழகிய கைக்குச் சில நிமிட வேலை.

கவனிக்க வேண்டியது அந்தக் குழாயை எங்கே பொருத்துகிறார்கள் என்பதுதான். பம்பர் தகட்டில் வெல்டிங் வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். சேஸ் கட்டையில், 8.8 தர போல்ட் போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். திருச்சி துவாக்குடிப் பக்கம் பெல் ஆலையைச் சுற்றி நல்ல பேப்ரிகேஷன் பட்டறைகளுக்குக் குறைவில்லை. கனமான இரும்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், அழகுக்கு பம்பர் மாட்டுகிறவரிடம் வேண்டாம்.

இந்த வகையில் ஒரு குறை உண்டு. முடிந்தவரை நேர்கோட்டில்தான் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் அதிகம் சாய்த்து இழுத்தால் சதுரத் தண்டு முறுக்கிக்கொள்ளும். நிரந்தரமாகப் பூட்டிய வின்ச் அந்தச் சாய்வை இன்னும் நன்றாகத் தாங்கும்.

கேள்வி: கழற்றும் வின்ச்சை வண்டியின் பின்னாலும் மாட்டலாம் என்கிறார்கள். அதனால் என்ன லாபம்?
(திருமயம் வாசகர்)

பதில்: என்னைக் கேட்டால் இதுதான் முதல் லாபம். கண்மாய்க்குள் இறங்கி வண்டி புதைந்துவிட்டது. முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. பின்னால் இருப்பது நீங்கள் வந்த வழி, கெட்டியான தரை. முன் பம்பரில் மட்டும் வின்ச் இருந்தால் அது உங்களை இன்னும் ஆழத்துக்குத்தான் இழுத்துப்போகும். முன்னும் பின்னும் குழாய் பொருத்தி வைத்தால் எந்தப் பக்கம் தரை கெட்டியோ அந்தப் பக்கம் ஏறலாம். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் இரண்டுக்கும் குழாய் போட்டுவிட்டு ஒரே வின்ச்சை வைத்துக்கொள்ளலாம்.

பின்னால் மாட்ட, முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து நீளமான ஒயர் இழுக்க வேண்டும். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். முழு இழுவையில் இந்த வின்ச் 400 ஆம்பியர் வரை உறிஞ்சும். ஒயர் மெலிந்திருந்தால் வின்ச் வலுவிழக்கும், ஒயர் சூடாகி உருகும். கட்டைவிரல் தடிமனுக்குச் செப்பு ஒயர் போடுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வையுங்கள். பிளக்குக்கு ரப்பர் மூடியும் வேண்டும். அதற்குள் மண் புகுந்தால் தேவைப்படும் நேரத்தில் வின்ச் அசையாது.

கேள்வி: சேற்றில் சிக்கிய பிறகு 40 கிலோவைத் தூக்கி மாட்ட முடியுமா?
(மணமேல்குடி வாசகர்)

பதில்: தனியாக முடியாது. தொட்டிலோடு சேர்த்தால் 50 கிலோவை நெருங்கும். இரண்டு பேர் வேண்டும். பம்பர் வரை புதைந்துவிட்டால் குழாயே சேற்றுக்குள் போயிருக்கும், எத்தனை பேர் இருந்தும் பயனில்லை. கழற்றும் வகையின் பெரிய பலவீனம் இது. வாங்குகிறவர் தெரிந்தே வாங்க வேண்டும்.

மழைக்காலத்தில் வின்ச்சை வண்டிக்குள்ளேயே வையுங்கள். சும்மா போட்டு வைக்கக்கூடாது, தரைக் கொக்கிகளில் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். விபத்து நடந்தால் கட்டாத 50 கிலோ இரும்பு முன் சீட்டுக்குத்தான் வரும். தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி மாட்டுங்கள். திரும்பிச் சாலையில் ஏறும் முன் கழற்றுங்கள்.

கேள்வி: இரும்பு பம்பரும் வின்ச்சும் போட்டால் போலீஸ் பிடிக்குமா?
(புதுக்கோட்டை நகர வாசகர்)

பதில்: பிடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வண்டிகளின் முன்னால் மாட்டும் கிராஷ் கார்டு, புல் பார் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் கேரள ஆர்.டி.ஓ. தொடர்பான வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அதே வருடம் சட்டத்தில் சேர்த்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது.

காரணமும் நியாயமானது. அறந்தாங்கி கடைத்தெருவில் நடந்துபோகிறவர் மீது பிளாஸ்டிக் பம்பர் மோதுவதும் இரும்பு பம்பர் மோதுவதும் ஒன்றல்ல. உங்கள் ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பதையும் கம்பெனி அந்தப் பழைய பம்பரை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. கழற்றும் வகையில் கம்பெனி பம்பர் அப்படியே இருக்கும், சாலையில் எதுவும் துருத்தாது. அதுவும் மாற்றம்தான் என்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: ஊரெல்லாம் டிராக்டர் இருக்கும்போது வின்ச் எதற்கு?
(கறம்பக்குடி வாசகர்)

பதில்: டிராக்டர் பக்கத்தில் இருந்தால் டிராக்டரையே கூப்பிடுங்கள். இரண்டு எச்சரிக்கை. சங்கிலியை டிராக்டரின் தாழ்ந்த டிராபாரில் மட்டும் கட்ட வேண்டும். உயரமான இடத்தில் கட்டி இழுத்தால் முன் சக்கரம் எழும்பி டிராக்டர் மல்லாக்கச் சாயும், ஓட்டுபவர் அடியில் மாட்டுவார். இரண்டாவது, தொய்வாக விட்டு வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அந்த உதறலில்தான் கொக்கி தெறிக்கிறது.

டிராக்டரையே நங்கூரமாக வைத்துக்கொள்வது இன்னும் நல்ல வழி. கெட்டியான தரையில் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள். உங்கள் வின்ச் அதைப் பிடித்து நிதானமாக ஏறட்டும். டிராக்டரும் சேற்றில் இறங்காது.

கேள்வி: என் ஜிம்னிக்கு எவ்வளவு வலு வேண்டும்?
(இலுப்பூர் வாசகர்)

பதில்: ஆளும் சாமானும் ஏற்றிய மொத்த எடையை ஒன்றரையால் பெருக்குங்கள். ஐந்து கதவு ஜிம்னியின் மொத்த எடை 1,545 கிலோ. அப்படியானால் 2,300 கிலோவுக்கு மேல் இழுப்பது வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் அளவு, டிரம்மில் கயிறு ஒரே சுற்று வரிசையாக இருக்கும்போது கிடைப்பது. மேலே ஒவ்வொரு வரிசையும் ஏற ஏற வலு குறையும். அதனால் கயிற்றை நிறைய வெளியே விட்டு இழுங்கள். இரும்புக் கயிறானால் டிரம்மில் ஐந்து சுற்றாவது மிஞ்சியிருக்கட்டும்.

சேறு எவ்வளவு ஆழம் என்பதும் கணக்கில் வரும். சக்கரம் அளவுக்குப் புதைந்தால் வண்டியின் எடை அளவுக்கு எதிர்ப்பு, மட்கார்டு வரை என்றால் இரண்டு மடங்கு, அடித்தளம் வரை என்றால் மூன்று மடங்கு என்று அனுபவசாலிகள் கணக்கு வைப்பார்கள். ஜிம்னிக்கு அது 4,600 கிலோவைத் தாண்டும். அங்கே ஒரு கப்பி வேண்டும். கயிற்றை மரத்தில் கட்டிய கப்பி வழியாகத் திருப்பி உங்கள் வண்டியிலேயே கொண்டுவந்து கட்டினால் வலு இரண்டு மடங்காகும், வேகம் பாதியாகும். அதற்கு முன்னால் மண்வெட்டியை எடுத்துச் சக்கரத்தைச் சுற்றி வெட்டிவிடுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும்.

கேள்வி: எந்த மரத்தில் கட்டலாம்?
(கீரமங்கலம் வாசகர்)

பதில்: பனை கிடைத்தால் பனை. கஜா புயலைப் பார்த்த உங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16-ம் தேதி விடிவதற்குள் கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பனைகள் பெரும்பாலும் நின்றன. நனைந்த மணல்பாங்கான தரையில் தென்னையை நம்பிக் கட்டுவதானால் இரண்டு மரத்தைச் சேர்த்து, அடியோடு ஒட்டிக் கட்டுங்கள். மரத்தில் கயிற்றைச் சுற்றவே கூடாது. அகலமான பெல்ட் போட்டு, அதில் டி-ஷாக்கிள் மாட்டிக் கொக்கியைப் பூட்டுங்கள். கயிறு சுற்றிலும் பட்டையை அறுத்தால் பல மரங்கள் பிறகு பிழைப்பது கடினம்.

மரமே இல்லாத மணமேல்குடிக் கடற்கரையில் ஸ்டெப்னிதான் மரம். இடுப்பளவு குழி வெட்டி, பெல்ட் கட்டிய ஸ்டெப்னியை நிறுத்திப் புதைத்து, பெல்ட் வெளியே வரச் சாய்வாக ஒரு வாய்க்கால் வெட்டி, மண்ணை மிதித்து இறுக்குங்கள். முதுகு ஒடியும் வேலை, ஆனால் பிடிக்கும்.

கேள்வி: சார்ஜாவில் வேலை பார்க்கிறேன். இங்கே மணலில் ஓட்டிய பழக்கத்தில் ஊருக்கு வந்ததும் வின்ச் வாங்க ஆசை.
(மீமிசல் ஊர்க்காரர்)

பதில்: மணலுக்கு வின்ச்சைவிட முக்கியம் டயர் காற்று என்பது அங்கே உங்களுக்குத் தெரிந்திருக்கும். 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் நம் கடற்கரையிலும் பாதிச் சிக்கல் வராது. திரும்பக் காற்றடிக்கப் பம்பு வாங்குங்கள், சாலையில் ஏறும் முன் அடித்துவிடுங்கள். வின்ச் அதற்குப் பிறகு.

கேள்வி: உப்புக்காற்றில் எது தாங்கும்?
(கோட்டைப்பட்டினம் வாசகர்)

பதில்: வீட்டுக்குள் கழற்றி வைத்தது தாங்கும். வேலை முடிந்ததும் கயிறு முழுவதையும் வெளியே விட்டு, நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகு லேசான பாரத்தில் இழுத்து வரிசையாகச் சுற்றுங்கள். தொய்வாகச் சுற்றிய கயிறு அடுத்த முறை அடிவரிசைக்குள் புகுந்து சிக்கும். சிந்தெடிக் கயிறு துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் வெயிலும் மணல்துகளும் அதை அரிக்கும், உறை போட்டு வையுங்கள்.

கேள்வி: மகன் வின்ச் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஆபத்தில்லையே?
(பொன்னமராவதியிலிருந்து ஓர் அம்மா)

பதில்: ஆபத்து உண்டும்மா. அறுந்த இரும்புக் கயிறு எலும்பை முறிக்கும், உயிரையும் எடுக்கும். இழுக்கும்போது யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது, கயிறு போகும் கோட்டில் நிற்கக் கூடாது, வெறுங்கையால் தொடக் கூடாது. கயிற்றின் நடுவே கனமான சாக்கையோ ஜமுக்காளத்தையோ போட்டு வைத்தால் அறுந்தாலும் சீற்றம் குறையும். இதை அவன் வாய்ப்பாடாகச் சொல்லட்டும், பிறகு வாங்கிக் கொடுங்கள். வண்டி கல்லூரிக்கும் கடைவீதிக்கும் மட்டும்தான் ஓடுகிறது என்றால் ஒரு பெல்ட், இரண்டு டி-ஷாக்கிள், ஒரு மண்வெட்டி போதும்.

கேள்வி: அப்படியானால் நிரந்தரமாகப் பூட்டுவது யாருக்குத்தான்?
(விராலிமலை வாசகர்)

பதில்: காட்டுக்குள் ரோந்து போகும் வண்டிக்கு. கோவாவில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் இறங்குகிறவருக்கு. இந்த இருவருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. தோப்பை விட்டு வெளியே வராத பழைய மஹிந்திரா ஜீப்புக்கும் பூட்டலாம், அது சாலைக்கே வருவதில்லை.

கேள்வி: அடுத்த புயலுக்கு இந்த வின்ச்சுகள் உதவுமா?
(வடகாடு வாசகர்)

பதில்: நிச்சயம் உதவும். கஜாவின்போது சாலைக்குக் குறுக்கே கிடந்த மரங்களைப் பல ஊர்களில் இளைஞர்களே வெட்டி ஒதுக்கினார்கள். அறுத்த துண்டை ஓரம் இழுக்க ஒரு வின்ச் இருந்தால் ஆம்புலன்ஸ் அத்தனை சீக்கிரம் உள்ளே வரும். மின்கம்பி தொட்டுக்கொண்டிருக்கும் மரத்தை மட்டும் மின்வாரிய ஆட்கள் வந்து சொல்லும்வரை தொடாதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் இழுத்துக் கொஞ்சம் ஆறவிட்டு வேலை பாருங்கள்; தொடர்ந்து இழுத்தால் மோட்டார் கருகும், பேட்டரி உட்கார்ந்துவிடும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐப்பசி பிறக்கும் முன், உங்கள் ஊரில் யார் யாரிடம் வின்ச், மரம் அறுக்கும் மெஷின், டிராக்டர், ஜெனரேட்டர் இருக்கிறதென்று பெயரும் செல்போன் எண்ணும் எழுதி ஒரு பட்டியல் போடுங்கள். ஒரு நகலை வி.ஏ.ஓ.விடமும் இன்னொன்றை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்துவிடுங்கள்.