மூன்றில் இரண்டு பங்கு அப்பா

பெறுநர்: மேலாளர் அவர்கள், க்ளெய்ம் பிரிவு
பொருள்: அப்பாவின் வயிற்றில் தாங்கள் செய்த பிடித்தம் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

அப்பாவின் குடலிறக்க ஆபரேஷனுக்குத் தாங்கள் அனுப்பிய இறுதி ஒப்புதல் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. மூன்றாம் முறை தங்கள் கணக்கு வாத்தியார் மேல் மரியாதையே வந்துவிட்டது.

பாலிசி 3 லட்சம். அறை வாடகைக்கு அதில் 1 சதவீதம், நாளுக்கு 3,000 ரூபாய். அன்று அந்த வாடகையில் அறை காலியில்லை. 4,500 ரூபாய் அறைதான் கிடைத்தது. மிச்சம் 1,500-ஐக் கையிலிருந்து கட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். தாங்களோ 3,000-ஐ 4,500-ஆல் வகுத்து, வந்த விடையால் சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் என அனைத்தையும் பெருக்கிவிட்டீர்கள். சர்ஜன் கேட்டது 45,000; தாங்கள் தந்தது 30,000. தையல் போட்டது தரைத்தளத்தில், அந்த அறை இருந்தது மூன்றாம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர்தான் தெரியும் என்பதையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளவும்.

சில மருத்துவமனைகள் அறைக்கேற்ப ஃபீஸை ஏற்றுவது உண்மைதான். அப்படி ஏற்றாத இடத்தில் இந்த வகுத்தலே கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லியிருக்கிறது. எல்லா அறைக்கும் ஒரே கட்டணம் என்று பில்லிங் கவுன்டரில் எழுதி வாங்கி இணைத்திருக்கிறேன்.

வயிற்றுக்குள் வைத்த வலைக்கு 12,000 ரூபாய். அதிலும் 4,000 பிடித்தம். உள்ளே பொருத்தும் சாதனம், மருந்து, பரிசோதனை ஆகியவற்றில் விகிதாசாரப் பிடித்தம் செய்யக் கூடாது என்பதும் விதிதான். கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அப்பா சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டேய், வலைய முழுசாத்தானே வெச்சாங்க?"

கையுறை, மாஸ்க், வயிற்று பெல்ட் எதற்கும் காசில்லை. இதில் தங்களைக் குறை சொல்ல முடியாது. காப்பீட்டில் பணம் தர வேண்டாத 68 பொருட்களின் பட்டியலிலேயே இவை இருக்கின்றன. சர்ஜன் வெறுங்கையோடு வயிற்றைத் திறந்திருந்தால் எங்களுக்கும் சிக்கனமாகியிருக்கும்.

டிஸ்சார்ஜ் அன்று பதினோரு மணிக்கே அப்பா வேட்டியை மாற்றி, ஃப்ளாஸ்க்கைப் பையில் வைத்துத் தயாராகிவிட்டார். 2024-இல் வந்த விதிப்படி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரம். தங்கள் ஒப்புதல் வந்தது இரவு ஏழேகாலுக்கு. இடையில் தாங்கள் அனுப்பிய கேள்வி: "நோயாளியை அட்மிட் செய்ய வேண்டிய அவசியம் என்ன?" வயிற்றைத் தனியாக அனுப்ப வழியில்லாததால் ஆளையும் சேர்த்து அட்மிட் செய்தோம். தாமதத்துக்காக மருத்துவமனை கேட்ட கூடுதல் வாடகையைத் தங்கள் பங்குதாரர் பணத்திலிருந்து தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. பில் இணைத்துள்ளேன்.

ஒரு மாதம் காத்திருப்பேன். பிறகு இதே காகிதங்கள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகும். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை என்பதால் எதையும் எதாலும் வகுக்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
பாலிசிதாரரின் மகன்

பி.கு.: இன்று காலை அப்பாவுக்குத் தங்களிடமிருந்து பிறந்தநாள் வாழ்த்து வந்தது. பிடித்தம் எதுவும் இல்லாமல் முழுதாக வந்து சேர்ந்தது. நன்றி.