சைலன்சருக்குள் பிளாட்டினம்

கேள்வி: வாசலில் நின்ற மாருதி ஈகோ வண்டியை விட்டுவிட்டு, சைலன்சரை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், கோவை

பதில்: உங்கள் வண்டியை உங்களைவிட நன்றாகப் படித்தவன் வந்துபோயிருக்கிறான்! சைலன்சரோடு சேர்ந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. புகையின் நச்சைக் குறைப்பது இவைதான். 2021-இல் ரோடியம் தங்கத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் விலை போனது. ஈகோவின் அடிப்பகுதி கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பது திருடனுக்கு வசதி. குஜராத், மகாராஷ்டிரம் எனப் பல மாநிலங்களில் இதே வண்டிதான் குறி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் டொயோட்டா பிரியஸ்காரர்கள் இதே துக்கத்தை அனுபவித்தார்கள்.

புதிதாக மாட்டும்போது கன்வெர்ட்டரைச் சுற்றி இரும்புக் கூண்டு அடித்துவிடுங்கள். திருடனுக்கு வேண்டியது சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களை நீட்டினாலே பாதி வெற்றி. வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வண்டியின் மின்னணுப் பாகங்கள் கெடலாம். கன்வெர்ட்டரின் மேல் வண்டி எண்ணைப் பொறித்து வைத்தால் பழைய இரும்புக் கடைக்காரர் வாங்கத் தயங்குவார்.

போலீஸில் புகார் கொடுத்தீர்களா? இன்றே கொடுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் இந்த இழப்புக்கு ஒரு பைசா வராது. அடுத்த முறை முழுக் காப்பீடாகப் புதுப்பியுங்கள்.