குதிரையை எடுங்க மாமா

இரவு பதினோரு மணிக்கு மேல் போனும் கையுமாக செஸ் ஆடித் தோற்றுக்கொண்டிருப்பவனிடம் சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டு. நேற்று அதை என் அக்கா மகன் சொல்லிவிட்டான்: "தோத்த கேமை ரிவ்யூ பண்ணுங்க மாமா. அப்பதான் ரேட்டிங் ஏறும்."

ஆறாம் வகுப்பு படிக்கிறான். ரேட்டிங் என்னுடையதைப்போல இரண்டு மடங்கு. சென்னையில் முன்பெல்லாம் இப்படித் தெருவுக்கு ஒரு பையன் இருப்பான். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தாலும் நடந்தது, இப்போது மாடிக்கு ஒருவன் இருக்கிறான்.

அவன் சொல்வது சரி என்பதுதான் எரிச்சலே. சோவியத் உலக சாம்பியன் போட்வின்னிக்கும் இதையேதான் சொன்னார்: உன் ஆட்டத்தை நீயே அலசு, அலசியதை அச்சில் போடு, ஊரார் வந்து தப்பைச் சொல்லட்டும். அவருக்கென்ன, ஒரு ஆட்டத்தை மணிக்கணக்கில் யோசித்து ஆடியவர். மூன்று நிமிட பிளிட்ஸில் "அந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டால் நான் எங்கே போவேன்? நினைத்திருந்தால்தானே அலசுவதற்கு!

பிளிட்ஸில் தேற மூன்று வழிகள் இருக்கின்றன. பையன்தான் சொன்னான். முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் நம் வழக்கத்தைப் பேசிவிடுவோம். தோற்றதும் ரிவ்யூ, ரீமேட்ச் என்று இரண்டு பொத்தான்கள் வருகின்றன. ரிவ்யூவை அமுக்கிய கை எங்காவது உண்டா? ஜெயித்தால் அமுக்குவோம். துல்லியம் 91 சதவீதம் என்று வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவோம். தோற்ற ஆட்டத்தைத் திறப்பது ஒரே காரணத்துக்காகத்தான்: எதுவரை ஜெயித்துக்கொண்டிருந்தோம் என்று பார்க்க. "பிளஸ் ஏழில் இருந்தேன், டைம் போயிடுச்சு" என்று சொல்வதில் ஒரு கௌரவம் இருக்கிறது.

பையன் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கடைசியாகத் தோற்றதைத் திறந்தான். எங்லண்ட் கேம்பிட். உங்களுக்குத் தெரியாததா! ராணிச் சிப்பாயை நாம் மரியாதையாக இரண்டு கட்டம் தள்ளுகிறோம். எதிராளி ராஜாச் சிப்பாயை இனாமாக நீட்டுகிறான். வெட்டுகிறோம். குதிரை வருகிறது, நாமும் குதிரையை எடுக்கிறோம். அவன் ராணி ராஜாவுக்கு முன்னால் வந்து நிற்கிறது. வெட்டிய சிப்பாயைக் காப்பாற்ற மந்திரியை எஃப்4-க்குக் கொண்டுவருகிறோம். பி4-இலிருந்து ராணி செக். மந்திரியைக் குறுக்கே போடுகிறோம். ராணி நம் பி2 சிப்பாயைத் தின்றுவிட்டு யானைக்குப் பக்கத்தில் நிற்கிறது. இங்கேதான், இந்த இடத்தில்தான், என் விரல் பரபரக்கும். மந்திரியை சி3-க்கு நகர்த்தினால் ராணி மாட்டியது! ராணி பிடிக்கிற சந்தோஷத்தில் ஒரு நொடிகூட ஆகாது.

அவன் தன் மந்திரியை பி4-இல் வைக்கிறான். என் மந்திரி அசைய முடியாது. அசைந்தால் ராஜாவுக்கு செக். துணைக்கு ராணியை டி2-க்குக் கொண்டுபோகிறேன். அவன் வெட்டுகிறான், நான் ராணியால் வெட்டுகிறேன், அவன் ராணி சி1-இல் இறங்குகிறது. செக்மேட். எட்டே நகர்த்தல். என் ராணியும் அதே சி வரிசையில்தான் நிற்கிறாள். நடுவில் என் சொந்தச் சிப்பாய் மறித்துக்கொண்டு நிற்கிறான். அவன் தொடக்கத்திலிருந்து நகரவே இல்லை.

"மந்திரி வேணாம் மாமா. அங்க குதிரையை எடுங்க" என்றான் பையன். அதே சி3-க்குக் குதிரை. அவ்வளவுதான், வெள்ளைக்கு ஜெயிக்கிற ஆட்டம். முந்தைய தோல்வியைத் திறந்தான். எங்லண்ட். அதற்கு முந்தையது. எங்லண்ட். உலக சாம்பியன்களாலேயே ஜெயிக்க முடியாத இன்ஜின், என் மந்திரிக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்விக்குறி போட்டிருந்தது. இதற்கு இன்ஜின் எதற்கு? அக்காவே போட்டிருப்பாள்.

இந்த எங்லண்ட் ஆசாமிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது உருப்படாத ஓப்பனிங் என்று இன்ஜினே சொல்கிறது. தெரிந்தேதான் ஆடுகிறார்கள். நேர்மையாக ஆடி ஜெயிக்கத் துப்பில்லாமல், எதிரே ஒரு அப்பாவி வருவான் என்று வலை விரித்துக் காத்திருப்பதெல்லாம் ஒரு பிழைப்பா? அந்த அப்பாவி தினமும் போய் விழுகிறான் என்பது வேறு விஷயம்.

பையன் பிறகு கடிகாரத்தைக் காட்டினான். மந்திரியை வைக்க ஒரு நொடி. செக்மேட் நிச்சயமான பிறகு, பஸ் போனபின் கை காட்டுகிறவன் மாதிரி, ஐம்பது நொடி யோசித்திருக்கிறேன். "எங்க டைம் செலவாகுதுன்னு பாருங்க, அதான் முதல் வழி" என்றான். மற்ற இரண்டும் சொன்னான். அப்போது எனக்கு அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது.

அவனுக்கு என்னிடமும் ஒரு பதில் இருந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் உலக சாம்பியனான நம்ம குகேஷை, பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வெகுகாலம் இன்ஜின் பக்கமே விடவில்லை. அதே வழியில்தான் நானும் ரிவ்யூ பக்கம் போவதில்லை என்றேன். "அவர் இன்ஜின் இல்லாம தானே அலசினார் மாமா" என்றான். போய்த் தூங்குடா என்றேன்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். இரவு பதினொன்றுக்கு மேல் கறுப்புக் காய் உங்களுக்கு விழுந்து, எதிரே ராணிச் சிப்பாய் இரண்டு கட்டம் வந்தால், அது நானாக இருக்கலாம். உங்கள் ராஜாச் சிப்பாயைத் தயவுசெய்து ஒரே ஒரு கட்டம் மட்டும் தள்ளுங்கள். புண்ணியமாகப் போகும்.