சந்தேஷ் ஆசிரியர் சத்யஜித் ரே

கே: சினிமாவில் அவ்வளவு பெயர் எடுத்த சத்யஜித் ரே, குழந்தைகளுக்குக் கதை எழுத வந்தது ஏன்? பட வாய்ப்பு குறைந்துவிட்டதா? (மதுரை வாசகர்)

ப: குறைவதாவது! அது 1961. அபு வரிசையின் மூன்று படங்களும் முடிந்து, உலகமே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் நின்றுபோயிருந்த 'சந்தேஷ்' சிறுவர் இதழுக்கு, கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயோடு சேர்ந்து மறுபடி உயிர் கொடுத்தார். 1913இல் தாத்தா உபேந்திரகிஷோர் தொடங்கி, பிறகு அப்பா சுகுமார் ராய் நடத்திய இதழ் அது. இதழ் என்றால் பக்கம் நிரம்ப வேண்டுமே? நாற்பது வயதில் பேனாவோடு உட்கார்ந்தார். அவருடைய கதை நாயகன் விஞ்ஞானி ஷோன்கு அந்த வருடமே பிறந்துவிட்டார்.

கே: எழுத்தை அப்பாவிடம் கற்றாரா? (திருச்சி வாசகி)

ப: அந்தக் கொடுப்பினை அவருக்கு இல்லை. 1923இல் சுகுமார் ராய் இறந்தபோது மகனுக்கு இரண்டரை வயதுகூட நிறையவில்லை. தன் வேடிக்கைப் பாடல் நூலான 'ஆபோல் தாபோல்' வெளிவந்ததை அப்பாவே பார்க்கவில்லை. மகன் அவரை அறிந்ததெல்லாம் அச்சில்தான். 1987இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

கே: முதலில் வந்தது படமா, புத்தகமா? (காரைக்குடி வாசகர்)

ப: புத்தகம். விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை பார்த்த காலத்தில், சிக்னெட் பிரஸ் வெளியிட்ட 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் சுருக்கத்துக்குப் படம் வரைந்தார். இதைப் படமாக்கலாமே என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. ஆக, சினிமாவிலிருந்து குழந்தைகளிடம் வந்தவர் என்பது பாதிக் கதைதான். அவரைச் சினிமாவுக்கு அனுப்பி வைத்ததே ஒரு குழந்தைகள் புத்தகம்.

கே: ரேவின் துப்பறிவாளன் ஃபெலூடா, ஷெர்லாக் ஹோம்ஸின் நகல்தானே? (கோவை வாசகர்)

ப: சீடன் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அவனே லண்டன் பேக்கர் தெருவுக்குப் போய் குருவணக்கம் செய்கிறான். ஆனால் ஹோம்ஸ் கதையைச் சொல்பவர் வளர்ந்த டாக்டர். ஃபெலூடா கதையைச் சொல்பவன் தொப்ஷே என்கிற பள்ளிக்கூடத்துப் பையன். அதனால் கள்ளக்காதல், ரத்த வெள்ளம் என்று துப்பறியும் கதையின் வழக்கமான சரக்கு எதுவும் ரேவுக்கு உதவாது. மிஞ்சியது மூளையும் ஊர்களும். டார்ஜிலிங், காங்டாக், ஜெய்சல்மேர், காசி, எல்லோரா, காட்மாண்டு என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். இந்தக் கட்டுப்பாட்டோடு 1965 முதல் கடைசி வரை 35 கதைகளை எழுதி முடித்தார். பெரியவர்களுக்கு எழுதுவதைவிட இது கடினம் என்பேன்.

கே: அந்தக் கதைகளில் பெண்களே இல்லையே? (சேலம் வாசகி)

ப: உண்மை. பெரிய குறை. பரிந்து பேச மாட்டேன். ஆனால் ஒரு நல்ல செய்தி உண்டு. 'சந்தேஷ்' ஆசிரியர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட அவருடைய அத்தை மகள் நளினி தாஸ், நான்கு பெண்பிள்ளைகள் துப்பறியும் கதைகளை அதே இதழில் எழுதினார். அவையும் தமிழுக்கு வர வேண்டும்.

கே: ஃபெலூடாவின் நண்பராக வரும் ஜடாயு பாத்திரம் பற்றி? (புதுச்சேரி வாசகர்)

ப: ரே எடுத்த ஃபெலூடா படமான 'சோனார் கெல்லா'வில் ஜடாயுவாகச் சந்தோஷ் தத்தா நடித்த பிறகு, ரே தன் கதைகளுக்கு வரைந்த ஜடாயுவுக்கும் அவர் முகமே வந்துவிட்டது. 1988இல் தத்தா மறைந்தார். ரே அதன் பிறகு ஃபெலூடா படம் எடுக்கவில்லை.

கே: குழந்தைகளுக்காக அவர் எடுத்த முதல் படம்? (நெல்லை வாசகி)

ப: 'கூபி காயேன் பாகா பாயேன்', 1969. கதை தாத்தாவுடையது; குழந்தைகள் படம் வேண்டும் என்று கேட்டது மகன் சந்தீப். பாட்டும் இசையும் ரேவே.

கே: தமிழில் எதிலிருந்து தொடங்கலாம்? (சென்னை வாசகர்)

ப: வீ.பா. கணேசன் மொழிபெயர்த்த ஃபெலூடா வரிசை இருக்கிறது. ஒன்றை வாங்கிப் பிள்ளையிடம் கொடுங்கள். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.