பொத்தானுக்கு ஒரே சட்டை தைத்த கதை

கி.பி. முதல் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒரு கிரேக்க வியாபாரி நம் கரையோரத்தைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்தான். ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ என்பார்கள். அதில் வரும் சோபட்மா என்ற துறைமுகம் நம்ம மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்துத் துறைகளில் கரையை ஒட்டியே ஓடும் உள்ளூர்ப் படகு, பெரிய மரங்களைப் பிணைத்துக் கட்டிய சங்காரா, கங்கைக்கும் அதைத் தாண்டியும் போகும் கொலாந்தியா என்று மூன்று ரகம் நின்றதாம். மூன்றும் ஒரே ஜாடையில் இல்லையே என்று எந்த மாலுமியும் மனுக் கொடுத்ததாகத் தகவல் இல்லை. சரக்கு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்த காலம்.

அந்தப் புத்தி 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலும் இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே. அங்கே பிறந்த எக்ஸ் விண்டோ என்ற திரை நிரல், ஜன்னல் வரைய வசதி செய்து தருவதோடு என் வேலை முடிந்தது, பொத்தான் எப்படி இருக்கவேண்டும் என்பது உங்கள் பாடு என்று கையைக் கழுவிக்கொண்டது. எம்.ஐ.டி.யே ஏதீனா என்று ஒரு பொத்தான் செய்தது. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்ட அழகு. சன் கம்பெனி ஏ.டி. அண்டு டி.யோடு சேர்ந்து ஓபன் லுக் என்றது. எதிரணி மோட்டிஃப் என்றது. திரையில் நாலு ஜன்னல் திறந்தால் நாலு ஜாதகம்.

1996 அக்டோபரில் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிக் என்ற மாணவருக்குப் பொறுக்கவில்லை. லினக்ஸ் திரையில் எல்லா நிரலும் ஒரே முகத்தோடு இருக்கட்டும் என்று கேடிஈ திட்டத்தை அறிவித்தார். நல்ல மனசு. ஆனால் பொத்தான் வரைய அவர் எடுத்த க்யூடி என்ற கருவித்தொகுப்பு நார்வேயின் டிரோல்டெக் கம்பெனிச் சொத்து. அன்றைய உரிமம் முழுச் சுதந்திரம் தரவில்லை. சுதந்திர மென்பொருள்காரர்களுக்கு இது சைவ விருந்தில் கருவாடு. மறு வருஷமே மெக்சிகோவின் மிகெல் டி இகாசாவும் கூட்டாளிகளும் க்னோம் என்று தனிக் கொடி ஏற்றினார்கள். ஜிம்ப் என்ற படம் வரையும் நிரலுக்காகச் செய்து வைத்திருந்த ஜிடிகே என்ற கருவித்தொகுப்பு அவர்களுக்கு ஆயுதமாயிற்று. ஆக, ஒற்றுமைக்காகக் கூட்டிய கூட்டத்தில் இரண்டு கட்சி.

தமிழனுக்கு இதைக் கண்டு சிரிக்க அருகதை கிடையாது. கணினித் தமிழுக்கு ஒரே எழுத்துக் குறியீடு வேண்டுமென்று 1999இல் சென்னையில் மாநாடு கூட்டி, டாம், டாப் என்று இரண்டைக் கொண்டு வந்தவர்கள் நாம்.

2002இல் ரெட் ஹாட் கம்பெனி நாட்டாமை செய்யப் பார்த்தது. தன் லினக்ஸின் எட்டாம் பதிப்பில் புளூகர்வ் என்ற தோற்றத்தைத் தைத்து, க்னோமுக்கும் கேடிஈக்கும் ஒரே சட்டை மாட்டிவிட்டது. பார்க்க அழகுதான். சட்டையோடு நிறுத்தாமல் எங்கள் உறுப்பையும் வெட்டிவிட்டார்கள் என்று கேடிஈ தரப்பு குமுறியது. அந்தக் கம்பெனியில் கேடிஈயைக் கவனித்துவந்தவர் வேலையையே உதறிவிட்டுப் போனார்.

ஒரே சட்டை தைப்பதில் உள்ள சிக்கல் எளிது. ஜிடிகே தன் பொத்தானைத் தானே வரையும். க்யூடியும் அப்படியே. ஒருவர் வரைந்ததை மற்றவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். ஒரே தோற்றம் வேண்டுமென்றால் அதை இரண்டு முறை எழுதவேண்டும். க்யூடிகர்வ் என்ற திட்டம் அந்தத் தலையெழுத்தை ஏற்றுக்கொண்டு மாடாக உழைத்தது. சோம்பேறி வழியும் இருந்தது: ஜிடிகே தன் பொத்தானை க்யூடியிடமே வரையச் சொல்லிக் கெஞ்ச ஒரு செருகல். பிறகு டிரோல்டெக்காரர்களே, க்யூடி போய் ஜிடிகேயிடம் கெஞ்ச இன்னொன்று செய்தார்கள். இரண்டையும் சேர்த்து மாட்டினால் ‘நீ வரை’, ‘இல்லே, நீ வரை’ என்று உபசாரத்திலேயே பொழுது விடிந்துவிடும்.

இதற்கு நடுவில்தான் 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசின் இலவச லேப்டாப் திட்டம் வந்தது. ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸ். அரசுப் பள்ளிகளில் பிளஸ் டூ படித்த பிள்ளைகளுக்கெல்லாம் என்பதால் மரக்காணத்து உப்பளத் தொழிலாளி வீட்டிலும் வந்து இறங்கியது. வரப்பு கட்டி எத்தனை பாத்தி பிரித்தாலும் வாரிக் குவித்தால் உப்பு ஒரே வெள்ளை என்று பார்த்து வளர்ந்த பிள்ளை, க்னோம் திரையில் க்யூடியில் எழுதிய விஎல்சி ஒரு முகமும் ஜாவா நிரல் இன்னொரு முகமும் காட்டுவதைப் பார்த்து வைரஸ் என்று நினைத்திருந்தால் அதைத் தப்பு சொல்லமுடியாது. மரக்காணம் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக லினக்ஸ் சொல்லித்தரும் பயனர் குழு ஒன்று இருக்கிறது. அங்கே இதற்கு விளக்கம் சொல்பவர்களுக்குத் தனியாக ஒரு மாலை போடலாம்.

அதே 2011இல் ஜிடிகே மூன்றாம் பதிப்பு வந்தது. தோற்றத்தை சிஎஸ்எஸ்ஸில் எழுதலாம் என்றார்கள், எல்லோரும் எழுதினார்கள். அடியில் இருந்த பெயர்களை மாற்றி மாற்றி வைத்ததில் எழுதியதெல்லாம் உடைந்துகொண்டே வந்தது. 2016இல் 3.20 வந்தபோது தோற்றம் தைப்பவர்கள் பாதிப்பேர் ஊசியைத் தூக்கி எறிந்தார்கள். 2019இல் க்னோம் பக்கத்து நிரலாளர்கள் சிலர் லினக்ஸைத் தொகுத்து வழங்குபவர்களுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள்: எங்கள் நிரலுக்கு உங்கள் சட்டையை மாட்டாதீர்கள், எங்கள் பொத்தான் எங்கள் உரிமை. 2021 கடைசியில் லிப்அட்வைதா வந்து தோற்றத்தைத் தோலோடு சேர்த்தே தைத்துவிட்டது. பெயரில் அத்வைத வாடை. அத்வைதத்துக்குரிய ஒருமை மட்டும், க்யூடி பக்கம் எட்டிப் பார்த்தால், இல்லை.

இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட விஷயமும் இல்லாமல் இல்லை. திரை இருட்டா, வெளிச்சமா என்று பயனர் ஒரு இடத்தில் சொன்னால் இரண்டு பேருமே காது கொடுத்துக் கேட்பார்கள். கால் நூற்றாண்டுப் பேச்சுவார்த்தையில் கண்ட பலன், ஒரு ஸ்விட்ச். 2024இல் க்னோம் இன்னும் இறங்கிவந்து ஒன்பது நிறம் கொடுத்தது. பொறுக்கிக்கொள்ளலாம்.

அந்த லேப்டாப் வாங்கிய பிள்ளைக்கு இப்போது முப்பது வயசு இருக்கும். பிரவுசரைத் திறந்தால் பேங்கும் பாட்டும் வேலையும் அதற்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. அந்த பிரவுசர் தன் பொத்தானைத் தானே வரைகிறது, ஜிடிகேயையும் கேட்பதில்லை, க்யூடியையும் கேட்பதில்லை.